மணமகளின் தாயார் இடத்தில் நான்

எனக்குப் பொறாமைக் குணமே கிடையாது என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பச்சைப் பொய். என் மனைவி வதனியின் அக்கா கணவர், அதாவது என் சகலன் சிவநேசன், பக்கத்து ஊரான யூனியன்வில்லில் தன் வீட்டு வாசல் பனியை எனக்கு முந்தித் தள்ளிவிட்டார் என்று கேள்விப்பட்டாலே, ரூஜில் இருக்கும் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அப்படிப்பட்ட மனிதர் ஜப்பானுக்குப் போய்வந்தார். குராஷிகி என்று ஒரு பழைய கால்வாய் ஊர். வெள்ளைச் சுவர்ப் பண்டகசாலைகள், தண்ணீரைத் தொடும் வில்லோ மரங்கள், கழி ஊன்றித் தள்ளும் சின்னப் படகுகள். அந்தப் படகொன்றில் வாடகைக் கிமோனோவோடு அமர்ந்து எடுத்த படத்தை, டிவியைவிடப் பெரிதாக்கி ஹோலில் மாட்டினார். தண்ணீர் குடிக்கப் போவதென்றாலும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். நான் ஒரு வருடம் தண்ணீர் குடிக்கவில்லை.

பிறகு டிக்கெட் போட்டேன். எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு என்று வதனியிடம் சொன்னேன். (அவள் நம்பவில்லை. "அத்தான்ரை படத்துக்குத்தானே போறியள்?" என்று சூட்கேஸ் அடுக்கும்போதே கேட்டாள்.)

என் திட்டம் எளிது. அவர் வாடகை உடுப்பில் இருந்தார். நான் சொந்தப் பட்டு வேட்டி, சால்வையோடு அதே படகில் இருப்பேன். ஆனால் ஹோட்டலில் வேட்டியை ஒழுங்காகக் கட்டி முடிக்கவே ஒரு மணித்தியாலம் போய்விட்டது. கால்வாய்க்கு வந்தால் அன்றைய படகு டிக்கெட் எல்லாம் முடிந்திருந்தது. மறுநாள் காலையில் எங்களுக்கு ரயில். எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

அப்போதுதான் படித்துறையில் ஒரு கலியாணத்தைக் கண்டேன். வெள்ளைக் கிமோனோவில் மணமகள், பக்கத்தில் மாப்பிள்ளை, அலங்கரித்த படகு, படப்பிடிப்பாளர், வரிசையாகச் சொந்தக்காரர்கள்.

இங்கே நம் ஆட்களின் பழக்கத்தைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்து ஸ்காபரோ கலியாண மண்டபங்களில் மணமக்கள் படத்துக்கு நின்றால், வந்தவர்கள் எல்லோரும் வரிசையில் போய்ப் பக்கத்தில் நின்றே ஆகவேண்டும். யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. பெண் பகுதி நம்மை மாப்பிள்ளை பகுதி என்று நினைக்கும். மாப்பிள்ளை பகுதி பெண் பகுதி என்று நினைக்கும். இந்த முப்பது வருடங்களில் பெயர்கூடத் தெரியாத எத்தனையோ தம்பதிகளின் அல்பங்களில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

"இஞ்சருங்கோ, எங்கை போறியள்?"

"ஒரு படம் எடுத்திட்டு வாறன். நீர் உதிலை நிண்டு போனிலை எடும்."

"எங்களை ஆர் கூப்பிட்டது?"

"கலியாண வீட்டிலை ஆரப்பா கூப்பிட்டுப் படம் எடுக்கிறது?"

வரிசையில் போய் நின்றேன். ஒரு பெரியவர் குனிந்து வணங்கினார். வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி நானும் குனிந்தேன். படகில் மணமக்களுக்குப் பின்னால் ஓர் இடம்தான் காலி. கறுப்புக் கிமோனோ அணிந்த ஓர் அம்மா அதில் ஏறப் போனவர், என்னைக் கண்டதும் ஒதுங்கி இரண்டு கைகளாலும் இடத்தைக் காட்டினார். படகோட்டி கை கொடுத்தார். ஏறிவிட்டேன். ஒரு கிளிக், பிறகு இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். படகு புறப்பட்டுவிட்டது.

இரு கரையிலும் சனம் கைதட்டியது. நானும் கையைத் தூக்கி அசைத்தேன். (மாப்பிள்ளை அசைக்கவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.) கரையோடு நடந்துவந்த வதனி, "இறங்குங்கோ, மானம் போகுது!" என்று கத்தினாள். அவளுக்குப் பக்கத்தில் அந்தக் கறுப்புக் கிமோனோ அம்மா, படகோடு சேர்ந்து வர அவசர அவசரமாக நடந்தபடி, கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தார். அவர் ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

இறங்கியதும் ஆங்கிலம் தெரிந்த ஓர் உறவுக்காரப் பெண் மிகுந்த பணிவோடு விளக்கினாள். என்னை மாப்பிள்ளையின் வெளிநாட்டு முதலாளி என்று நினைத்துவிட்டார்களாம். அதனால்தான் மணமகளின் தாயார் தன் இடத்தை விட்டுக் கொடுத்தாராம்.

வெட்கத்தில் செத்துப்போனேன். மகளோடு ஒரு தாய் போகவேண்டிய பயணத்தை, சகலனை வெல்ல ஒரு படத்துக்காகப் பறித்துவிட்டேன். நான் சால்வை நிலத்தில் புரளக் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க, வதனி நேரே போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, நீங்கள் ஏறுங்கோ. உவருக்கு விசர்."

எனக்குப் பைத்தியம் என்று யாழ்ப்பாணத் தமிழில்தான் சொன்னாள். எல்லோருக்கும் விளங்கியது போலிருந்தது. தாயை அவருடைய இடத்தில் இருத்தி, படகோட்டிக்கு விரலால் இன்னொரு சுற்று என்று காட்டினாள். அவரும் சிரித்துக்கொண்டே கழியை ஊன்றினார். அந்த இரண்டாம் சுற்றில் தாயும் மகளும் கையைப் பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்து நான்தான் அதிகம் அழுதேன்.

உறவுக்காரப் பெண் எங்கள் விலாசத்தை வாங்கிக்கொண்டாள். இரண்டு மாதம் கழித்து ரூஜுக்கு ஒரு தடித்த உறை வந்தது. என் கெட்ட காலம், அன்றைக்குச் சகலனும் வீட்டில் இருந்தார். உள்ளே கலியாணப் படம்: தலை குனிந்த மணமக்கள், அவர்களுக்குப் பின்னால் நட்டநடுவே தேர்தலில் வென்றவர் மாதிரிக் கையைத் தூக்கிக்கொண்டு நான். சகலன் சோபாவிலிருந்து சரிந்து விழுந்து சிரித்தார்.

"உந்தப் படம் இந்த வீட்டிலை தொங்கப்படாது" என்றாள் வதனி.

"அப்ப எனக்குத் தாங்கோ" என்றார் சகலன்.

தன் கிமோனோ படத்தைக் கழற்றி மாடிக்கு அனுப்பிவிட்டு, அந்த ஆணியில் என்னை மாட்டினார். இப்போது என் படத்தைப் பார்க்க நான் யூனியன்வில்லுக்குப் போகவேண்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதற்கு முன்னால் நின்று கதை கேட்கிறார்கள். நானே பக்கத்தில் நின்றாலும் அவரிடம்தான் கேட்கிறார்கள். பாழாய்ப்போன மனிதர், என்னைவிட நன்றாகச் சொல்கிறார்.