அனந்துவுக்கு அறுபது

மாதுங்கா
24 ஆகஸ்ட் 1946

இல்லை அண்ணா, அத்தைக்கு மறதி என்று டாக்டரிடம் எழுதி வாங்க முடியாது. உன் கார்டு வியாழக்கிழமை வந்தது. அன்று மாலையே அப்பா அத்தையைக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் ஒரு கேள்விதான் கேட்டார். சின்ன வயதில் அம்மை குத்தியது நினைவிருக்கிறதா என்று. அத்தை, குத்தியவரின் பெயர், அவர் ஏறி வந்த குதிரையின் நிறம், அவருடைய மூன்று பெண்களில் எவள் யாரோடு ஓடிப்போனாள் என்பது வரை சொன்னாள். டாக்டர் அப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்து, கவலை உங்களைப் பற்றித்தான் என்றார்.

நமஸ்காரம். முதலில் எழுதியிருக்க வேண்டும். மன்னிக்கு என் அன்பு. குழந்தைக்குப் பல் முளைத்ததா? இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதுவது மரியாதை. எழுதிவிட்டேன்.

போன கடிதம் அவசரத்தில் எழுதியது. ஒன்றும் புரியவில்லை, வரிசையாக எழுது என்கிறாய். எழுதுகிறேன்.

முதலில் வயது. வீட்டில் அப்பாவுக்கு இந்த ஆவணியில் அறுபது நிறைகிறது. ஆபீஸில் ஐம்பத்துநாலு. மெட்ரிகுலேஷனுக்குப் பெயர் அனுப்பும்போது ஹெட்மாஸ்டர் எல்லாப் பையன்களையும் ஜூலை முதல் தேதி பிறக்க வைத்தார். வருஷத்தை முகத்தைப் பார்த்துப் போட்டார். அப்பா முகத்துக்கு 1892 கிடைத்தது. அதை வைத்து வேலையில் சேர்ந்தார். ஒரு வருஷம் கழித்துக் கல்யாணப் பேச்சு. பெட்டியைத் திறந்து ஜாதகத்தை எடுத்தால் விய வருஷம், ஆவணி. அதாவது 1886. காலையில் பத்தொன்பது வயதாக எழுந்தவர் மாலையில் இருபத்தைந்து. ஹெட்மாஸ்டர் தப்பு செய்யலாம், ஜாதகம் செய்யாது. வெளியில் சொன்னால் வேலை போகும். அப்பா முப்பத்தைந்து வருஷமாகச் சொல்லவில்லை. ஆபீஸில் யாராவது வயதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பென்சில் சீவப் போய்விடுவாராம்.

அடுத்த ஜூலை வரை வேலை. என் பி.ஏ. முடிவதும் அதற்குச் சற்று முன்புதான். இப்போது பொய் வயது என்று வெளியே வந்தால் வேலை போகும், பென்ஷன் போகும், என் படிப்பும் போகும்.

இந்த நேரத்தில் அபயாம்பாள் அத்தை பாலக்காட்டிலிருந்து வந்து இறங்கினாள், கையில் பஞ்சாங்கம், அனந்துவுக்கு அறுபதாம் கல்யாணம் நடத்தாமல் திரும்பமாட்டேன் என்று, அப்பா கூடாது என்றார், அத்தை சாப்பிடமாட்டேன் என்றாள், அம்மாவுக்கு இன்னொரு தாலி கட்டிக்கொள்ள ஆசை இருந்ததால் அவளும் பாதி சாப்பாட்டில் எழுந்தாள், கடைசியில் வருகிற வெள்ளிக்கிழமை ஹோமம், வெளியாருக்கு அது சத்யநாராயண பூஜை என்று முடிவாயிற்று, சாஸ்திரிகளுக்குச் சத்தம் போடாமல் மந்திரம் சொல்ல வேண்டும் என்று அப்பா சொல்லி அனுப்பினார், வராமலே இருந்துவிடவா என்று அவர் கேட்டு அனுப்பினார். அத்தையிடம் ஒரே ஒரு வாக்கு வாங்கினோம்.

"வயசைச் சொல்லக் கூடாது. அவ்வளவுதானே? சொல்லலை. நான் என்ன ரேஷன் கிளார்க்கா, வயசைப் பிடிச்சுண்டு தொங்க?"

சொல்லவில்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை வேங்கடசுப்ரமணியன் வந்தார். அப்பாவின் ஆபீஸ் சூப்பரிண்டெண்ட், செம்பூர்க்காரர். மார்க்கெட்டுக்கு வந்த இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. நம் படியேறி ஒதுங்கினார். கூடத்தில் கலசம் வைக்கக் கழுவிய செம்புகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"என்ன ஓய், விசேஷமா?"

"சத்யநாராயண பூஜை சார்."

அத்தை தன் பங்குச் சர்க்கரையைப் போட்டுக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் மரியாதைக்கு, மாமிக்கு எந்த ஊர் என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

"நூரணி. மகாராணிக்கு ஜூபிலின்னு கோட்டை மைதானத்திலே லட்டு கொடுத்தா, கேட்டேளா. ஆளுக்கு ஒண்ணு. நான் அனந்துவை இடுப்பிலே வெச்சுண்டு போனேன். குழந்தைக்கும் ஒண்ணு கொடுன்னேன். பல்லில்லாத குழந்தைக்கு எதுக்குடீ லட்டுன்னான் தாசில்தார் சேவகன். எனக்குப் பல் இருக்கேன்னேன்."

வேங்கடசுப்ரமணியன் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். விரலை மடக்கினார்.

"எந்த ஜூபிலி மாமி? பொன்னா, வைரமா?"

"வைரம் சார். தொண்ணூத்தேழு" என்றார் அப்பா.

"தொண்ணூத்தேழுலே உமக்கு அஞ்சு வயசு. பல் இல்லையா?"

"லேட்டா முளைச்சது சார்."

"பொன் ஜூபிலிடா அனந்து" என்றாள் அத்தை. "வைர ஜூபிலியப்போ எனக்குக் கல்யாணமாகி ரெண்டு குழந்தை."

"அச்சா" என்றார் அவர். "பொன் ஜூபிலி. எண்பத்தேழு." காப்பியை மீதி வைக்காமல் குடித்தார். "ஓய் அனந்தநாராயணன், நாளைக்கு நான் லீவு. வாரக் கடைசிவரைக்கும் புனாவிலே. அதுக்கடுத்த திங்கக்கிழமை உம்ம ஜாதகத்தை எடுத்துண்டு வாரும். சும்மா பார்க்கலாம்."

மழை நிற்கவில்லை. நனைந்துகொண்டே போனார்.

அப்பா தாராவியில் ஒரு ஜோசியரைப் பிடித்து, 1892 ஜூலை முதல் தேதிக்குப் புதிதாக ஒரு ஜாதகம் கணிக்கச் சொன்னார். அவர் நேர்மையானவர். கணித்துவிட்டு, இந்த ஜாதகருக்குப் புத்திர பாக்கியம் இல்லை என்றார். அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்பா ஐந்து நாளாகத் தூங்கவில்லை. என் புத்தகங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

ஆகவே நீ இது கிடைத்ததும் புறப்பட்டு வா. அத்தையைப் புனாவுக்கு அழைத்துப் போ. வயதானவள், ஏதோ உளறினாள், ஊருக்குப் போய்விட்டாள் என்று திங்கட்கிழமை அப்பா சொல்லிக்கொள்வார். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

அப்பா அம்மா ஆசீர்வாதம் எழுதச் சொன்னார்கள். அத்தையும். அவளுடைய ஆசீர்வாதத்தில் ஒரு வயது வருகிறது, அதை விட்டுவிட்டேன்.

அம்மிணி

பி.கு. வர வேண்டாம்.

உறை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்கச் சமையலறைக்குப் போனேன். நீ வந்து அழைத்துப் போவாய் என்று அத்தையிடம் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன்.

"இடுப்பிலே இருந்தது உங்கப்பன்னு நான் எப்போடீ சொன்னேன்? அனந்துன்னேன்."

அப்பா வாசற்படியில் நின்றிருந்தார்.

இரண்டு அனந்து, அண்ணா. மூத்தவன் விய வருஷம் பிறந்தவன். தாத்தாவின் அப்பா பெயர் அவனுக்கு. மூன்று வயதில் ஜுரத்தில் போய்விட்டான். பிறகு பிறந்த பிள்ளைக்கும் அதே பெயர், முறைப்படி வைத்துத்தானே ஆக வேண்டும். இவனுக்கு ஜாதகம் எழுதவில்லை. எழுதினால் இவனும் தங்கமாட்டான் என்று தாத்தாவுக்குப் பயம். கல்யாணத்தின்போது தாத்தா இல்லை. அப்பாவின் சித்தப்பா பெட்டியைத் திறந்தார். ஒரு அனந்தநாராயணன் ஜாதகம் இருந்தது. எடுத்துக் கொடுத்தார்.

"போனவன் பேச்சை எடுத்தா இருக்கிறவனுக்கு ஆகாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருந்தா" என்றாள் அத்தை.

அப்பா, "என் நட்சத்திரம் என்ன?" என்று கேட்டார்.

"நந்தன வருஷம். கார்த்திகை மாசம். அனுஷம்."

ஹெட்மாஸ்டர் நாலு மாதம் கூட்டியே போட்டிருக்கிறார். அப்பா முப்பத்தைந்து வருஷமாக மறைத்த பொய் உண்மையாக இருந்திருக்கிறது. திங்கட்கிழமை அத்தையையே ஆபீஸுக்கு அழைத்துப் போகிறார். கூடவே மூத்தவனின் ஜாதகத்தையும். பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்த அம்மா, அப்போ எனக்கு யாரோட பொருத்தம் பார்த்தா என்று கேட்டாள்.

தெரிந்திருந்தும் அறுபதாம் கல்யாணத்துக்கு ஏன் ஒற்றைக்காலில் நின்றாய் என்று அத்தையைக் கேட்டேன்.

"அவனைத் தூக்கினவாள்லே நான் ஒருத்திதான் பாக்கி. அவனுக்கும் ஒரு அறுபது ஆகட்டுமேன்னு பார்த்தேன்."

வெள்ளிக்கிழமை ஹோமம் நடக்கட்டும் என்றார் அப்பா. சாஸ்திரிகள் சத்தமாகவே சொல்லலாம் என்றார்.

திரும்ப எழுதக் காகிதம் இல்லை. இதை அப்படியே அனுப்புகிறேன். அத்தை எழுந்து போய் அடுப்பிலிருந்து சாதத்தை இறக்கினாள்.