ஆன்டெனா பிடித்த டைரக்டர்

செல்வி, பாபு, இரண்டு பேரும் கேளுங்கள். நம் செஞ்சிக் கோட்டையை எத்தனையோ படைகள் முற்றுகையிட்டிருக்கின்றன. ஆனால் ஊரையே ஒரு நிமிஷம்கூட உட்காரவிடாமல் அடித்த ஒரே ஆள், எங்கள் தெரு அவசரம் அண்ணன்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

நிற்கிற பஸ்ஸில் அவர் ஏறி யாரும் பார்த்ததில்லை. கல்யாணத்தன்று மணையில் உட்கார்ந்துகொண்டு, "இந்த எடம் ரொம்ப இழுக்குது சாமி, கொஞ்சம் கத்திரிங்க" என்று ஐயரிடமே சொன்னவர்.

எண்பதுகளில் சென்னை டி.வி.க்குச் சிரிப்பு நாடகம் எடுக்கும் ஒருவரிடம் உதவியாளராக இருந்தார். ஊருக்கு வந்தால், அமாவாசையன்று மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸில் ஏறி, நசுங்கிக்கொண்டிருக்கும் ஜனங்களிடம் புது ஜோக்கைச் சொல்லிப் பார்ப்பார். "அங்கதான்டா எவனும் எழுந்து போவ முடியாது" என்பார். அந்த நெரிசலிலும் சிரித்தால் ஜோக் தேறியது. சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். வாழ்க்கையில் அவர் காத்திருந்த ஒரே இடம் அதுதான்.

"சிரிக்கறதுக்கு எடம் உடணும்டா. இல்லன்னா அடுத்த ஜோக்கு இவங்க சத்தத்துலயே அமுங்கிப் போவும்."

அவருடைய நைனா மல்லாட்டை மண்டி, அதான் வேர்க்கடலை மண்டி, வைத்திருந்தார். எனக்கு அங்கேதான் எடை போடும் வேலை. பெரியவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மகன் முதன்முதலாகத் தனியே ஒரு நாடகம் எடுத்ததும் கறாராகச் சொல்லிவிட்டார். "அதப் பாத்து நான் ஒருதரம் சிரிச்சுட்டா, நீ மெட்ராஸ்லயே இரு. இல்லன்னா மண்டிக்கு வந்து மூட்ட தைச்சிக்கினு கெட."

நாடகம் ஒளிபரப்பான சாயங்காலம், தெருவிலேயே டி.வி. இருந்த ஒரே வீடான பீங்கான் கடை பாய் வீட்டில் கூட்டம் பிதுங்கியது. நைனாவுக்கு நடுவில் நாற்காலி. நேரம் பார்த்து, படம் முழுக்கப் புள்ளி. அண்ணன் மாடிக்குப் பாய்ந்து ஆன்டெனா கம்பத்தைப் பிடித்தார். படம் பளிச்சென்று வந்தது. விட்டார், போனது. பிடித்தார், வந்தது.

"யப்பா, நீயே புடிச்சிக்கினு நில்லுப்பா" என்றார் பாய்.

தன் நாடகத்தைத் தானே பார்க்க வழியில்லாமல் டைரக்டர் மாடியில். உள்ளே நடப்பதை வாசலிலிருந்து மேலே கத்திச் சொல்வது என் வேலை.

முதல் ஜோக் வந்தது. சொன்ன நடிகர் அப்படியே நின்றார். மற்றவர்களும் சிலையாக நின்றார்கள்.

"அட, சத்தம் போச்சே! கம்பத்தத் திருப்பச் சொல்லுடா!" என்றது கூட்டம்.

"சத்தம் போச்சுண்ணே! திருப்பு!"

திருப்பினார். படம் நெளிந்து, நிமிர்வதற்குள் அடுத்த ஜோக் ஓடிப்போனது. மறுபடியும் அமைதி. "போச்சுண்ணே!" மறுபடியும் திருப்பினார்.

"நைனா சிரிச்சாரா?" என்று மேலிருந்து குரல்.

"இல்லண்ணே!"

"இன்னாடா சொல்ற? பஸ்ல குலுங்கி குலுங்கி சிரிச்சாங்களேடா!"

பாதி நாடகம் இப்படியே போயிற்று. திடீரென்று நைனா கையைத் தூக்கினார்.

"டேய், நிறுத்துங்கடா. சத்தம் எங்கயும் போவல. நாம சிரிக்கறதுக்குன்னு எடம் உட்டு வெச்சிருக்கான்டா. சிரிக்காம, அவனையே மேல ஏத்திவுட்டு திருப்பு திருப்புன்னு..."

சொல்லி முடிக்க முடியவில்லை. அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. கூட்டமே உருண்டது.

"அண்ணே, நைனா சிரிக்கறாரு!"

கம்பத்தை விட்டுவிட்டு ஓடிவந்தார் அண்ணன். டி.வி. முழுக்கப் புள்ளி. அந்த நாடகம் எப்படி முடிந்ததென்று எங்கள் தெருவில் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

"எந்த ஜோக்குக்கு நைனா?" என்றார் மூச்சிரைக்க.

"போடா. காலைல மொத பஸ்ஸப் புடி" என்றார் நைனா, துண்டால் கண்ணைத் துடைத்தபடி.

பிறகு அண்ணன் நிறைய நாடகங்கள் எடுத்தார். எல்லாவற்றிலும் அந்த இடத்தை விட்டு வைத்தார். பின்னால் வந்தவர்கள் சிரிப்புச் சத்தத்தையும் தாங்களே ஒட்டிக் கொடுத்தார்கள். இவர் மாட்டேன் என்றார். "வூட்ல இருக்கறவன் சிரிக்க வேண்டியத நான் எதுக்கு சிரிக்கணும்?" அதனாலேயே வாய்ப்பும் குறைந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய பழைய நாடகம் ஒன்றைப் போட்டார்கள். "சத்தம் போச்சு நைனா" என்று என்னிடம் சொல்லிவிட்டு நீங்கள் விளையாட ஓடிவிட்டீர்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஜோக் வந்தது. நடிகர் சொல்லிவிட்டுக் காத்து நின்றார்.

ஆளில்லாத கூடத்தில், அந்த இடம் நிரம்புகிறவரை நான் சத்தமாகச் சிரித்தேன்.