வீரபாகு தர்பூசணி தாங்கிய படலம்

உப்புக்காற்றைப் புறங்கண்டவனே, கடலோரத்து முக்கால் காணி மணலின் மன்னனே, குடங்குடமாய் நீர் சுமந்து கொடிப்படை வளர்த்த திண்தோளனே, மரக்காணத்து வீரபாகுவே, நின் புகழ் பாடப் புகுந்தோம். எம் நா தளராதிருக்க மண்டித் தராசின் முள் துணைநிற்க.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் ஆண்டுச் சித்திரையில், அறுபது தர்பூசணிகளாகிய பச்சைக் கவசப் படையைப் பங்கு லாரியில் ஏற்றி, திண்டிவனம் கடந்து, வந்தவாசி கடந்து, தறியோசை முழங்கும் ஆரணி மாநகரின் காய்கனி மண்டிக்குள் விடியற்பொழுதில் புகுந்தான் வீரன். ஐம்பத்தொன்பது தரையிறங்கின. அறுபதாவதான பெருங்கனி மட்டும் அவன் மார்பிலேயே இருந்தது. ஆரணியில் அரிசி ஆலைத் தொழிலாளிக்கு வாழ்க்கைப்பட்டு, எட்டு மாதக் கருவைச் சுமந்திருந்த மகள் லீலா, அப்பன் கொல்லைப் பழம் ஒன்று வேண்டுமென்று கடிதம் எழுதியிருந்தாள்.

கீழே வைத்தால் என்ன? வைக்கலாகாது. அந்த மண்டிக்கு ஒரு சட்டம் உண்டு. அதன் அதிபதி, கமிஷன் குலதிலகன் மாணிக்கவேல், சாக்குமூட்டைச் சிம்மாசனத்திலிருந்து அதை நாள்தோறும் பிரகடனம் செய்வார்.

"தரையைத் தொட்டது மண்டிச் சரக்கு. ஏலம் ஆவாம ஒரு கத்திரிக்கா கூட வெளிய போவாது. அப்புறம் என்கிட்ட பேஜார் பண்ணாதீங்க."

ஏலம் முடியும்வரை குவியலை விட்டு அகலவும் இயலாது. அகன்றால் ஐம்பத்தொன்பது ஐம்பதாகிவிடும். ஆகவே, இடக்கை சோர்ந்தபோது வலக்கையை ஏவியும், வலக்கை சோர்ந்தபோது வயிற்றைத் துணைக்கு அழைத்தும், மூக்கின் நுனியில் கொடியேற்றிய ஈயை உதடு கோணி எய்த மூச்சம்பால் விரட்டியும், முதுகில் மூண்ட தினவைத் தூணில் உரசித் தணித்தும், முற்றுகைக்குள்ளான கோட்டையின் கடைசிக் காவலனைப்போல் இரண்டு மணி நேரம் நின்றான். சுமை தூக்கும் அய்யனார் மூன்று முறை அவ்வழியே சென்றான். மூன்றாம் முறை நின்றான்.

"இன்னா பெரிவரே, பேரனையா தூக்கிகினு நிக்கிறீங்க?"

"அதுக்கு இன்னும் ரெண்டு மாசம் கீதுப்பா" என்று கனியை இன்னும் இறுக்கினான் வீரபாகு.

முதல் ஏலத்துக்கு முன் சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டி, தட்டை மண்டியெங்கும் கொண்டுவருவது வழமை. ஈயாலும் தினவாலும் வெல்லப்படாதவன் முன் தட்டு வந்தது. அவன் எதையும் எண்ணவில்லை. நாற்பது ஆண்டுகளாய்க் கற்பூரத்தைக் கண்டதும் எழும் கரங்கள் இரண்டும் எழுந்தன. சுடரைத் தொட்டன. கண்ணில் ஒற்றின. அதற்கு முன், குனிந்து, பதமாக, கனியைத் தன் கையாலேயே அவன் இறக்கி வைத்திருந்தான்.

திருநீறு பூசிக் கண் திறந்தபோது மாணிக்கவேல் குவியலின் முன் நின்றார்.

"அறுபது."

"அம்பத்தொம்போதுங்க. ஒண்ணு என் பொண்ணுதுங்க."

"தரையில கீதா இல்லியா?"

"கீதுங்க."

"அப்ப அறுபது."

அந்தோ, சந்தையின் வேகத்தை எங்ஙனம் உரைப்போம். விளைய எண்பது நாள் கொண்ட அப்படை, ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்துக்குள், கனி ஒன்று எழுபத்தைந்து பைசாவென ஏலம் போய், கமிஷன், கூலி, சாமி மகமை என்னும் மும்முனைத் தாக்குதலுக்கு ஆளாகி, இருபது தப்படி தொலைவில், மண்டி வாசலில் கடை வைத்திருந்த உண்ணாமலையின் பலகையில் ஏறிப் பளபளத்தது. பெருங்கனி முன்வரிசையில் வீற்றிருந்தது. அதன் எதிரே போய் நின்று, தோற்றும் தலைசாயா வீரன், தன் கிணற்றையும் குடத்தையும் மகள் கடிதத்தையும் விரிவாக எடுத்துரைத்தான். உண்ணாமலை முழுவதும் கேட்டாள்.

"உங்க பழந்தாங்க, யாரு இல்லன்னது? நல்ல பழம். அதான் மூணு ரூபா."

வீரபாகு பேரம் பேசி, இரண்டே முக்கால் ரூபாய் கொடுத்து அந்தப் பழத்தை வாங்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார்.