ஐரோப்பாவுக்குச் சம்பந்தி

காப்பிக்கடை ராஜதந்திரி என்றோர் இனம் உண்டு, பார்த்திருப்பீர்கள். சொந்த வீட்டுக் கூரை ஒழுகுவது தெரியாது. ஆனால் பெர்லினில் ஒரு மந்திரி தும்மினால், அது ஜலதோஷமா, ரஷ்யாவுக்கு விடுத்த மிரட்டலா என்று புட்டுப் புட்டு வைப்பார். எங்கள் சராயேவோவில் தெருவுக்கு நாலு பேர் உண்டு. 1914 வசந்தத்தில் இன்னும் பெருகிவிட்டார்கள். அவர்களில் தலைவர் சோப்புக்கடை ரிஸ்தோ.

இந்த இனத்துக்கு வரைபடம் வேண்டாம், சர்க்கரைக்கட்டி போதும். இது ஆஸ்திரியா, இது ரஷ்யா, நடுவில் உடைந்த துண்டு செர்பியா என்று மேசையில் பரப்பி, வியன்னாக்காரன் இப்படி நகர்ந்தால் ரஷ்யாக்காரன் முறைப்பான், அவன் முறைத்தால் ஜெர்மானியன் மீசையை முறுக்குவான், அவன் முறுக்கினால் பிரெஞ்சுக்காரனுக்குத் தூக்கம் போகும் என்று அடுக்கிக்கொண்டே போய், பேச்சு வேகத்தில் செர்பியாவைக் காப்பியில் தோய்த்துக் கடித்துவிடுவார். பிறகு தேடுவார்.

போர் வருமா? வராதாம். "ராஜாக்கள்லாம் பங்காளிங்கய்யா. பங்காளிக்குள்ள சண்டை வருமா?" வேலித் தகராறில் தன் பங்காளியோடு பல வருஷமாகப் பேசாதவர் கேட்கிற கேள்வி இது.

அவர் மகள் சாவ்காவுக்கு ஒரே கவலை. வாசோவை அவளுக்குப் பிடித்திருந்தது. பட்டாளத்துக்கும் பிடித்திருந்தது, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள். கோடை நோன்பு தொடங்கிவிட்டால் கல்யாணம் கூடாது, அதற்குள் முடித்துவிட வேண்டுமென்று, அவன் தாய் பெர்சா அவனையும் கூட்டிக்கொண்டு நாள் குறிக்க வந்தாள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். விருந்தாளிக்கு முதல் காப்பி வரவேற்பு. இரண்டாவது பேச்சுக்கு. மூன்றாவது வந்தால், எழுந்து நடையைக் கட்டு என்று அர்த்தம். வாயால் சொல்லமாட்டோம், நாகரிகம்.

முதல் காப்பியில் ரிஸ்தோ மேசைமேல் சர்க்கரைக்கட்டிகளைப் பரப்பிப் பால்கன் நாடுகளைப் பிரித்தார். இரண்டாவதில் ஒட்டவைத்தார். பெர்சா நோன்புப் பேச்சை எடுத்தபோதெல்லாம், என்ன அவசரம், இலையுதிர் காலத்தில் வைத்துக்கொள்ளலாம், அப்போது ஐரோப்பா கிணற்றுத் தண்ணீர்போல் அசையாமல் இருக்கும் என்றார். பேசிப் பேசித் தொண்டை வறண்டது.

"சாவ்கா, எல்லாருக்கும் இன்னொரு காப்பி கொண்டா."

பெர்சாவின் புருவம் ஏறியது. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வியன்னா மந்திரியின் புருவத்தைப் பத்திரிகையிலேயே படித்துவிடுகிறவருக்கு எதிர் நாற்காலிப் புருவம் தெரியவில்லை. வந்தவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, உலக அமைதிக்காகச் சர்க்கரை தேடிக்கொண்டிருந்தார்.

சாவ்கா தட்டோடு வாசலில் நின்றாள். கீழே வைத்தால் கல்யாணம் போச்சு. வைக்காவிட்டால் அப்பாவின் சொல் போச்சு. என்ன செய்வாள்? நேராக வந்தாள். நன்றாகக் குறிபார்த்து, ஆஸ்திரியா ரஷ்யா பேதமில்லாமல் அத்தனை காப்பியையும் மேசைமேல் கொட்டினாள்.

"கை தவறிடுச்சு, அத்தை. உக்காருங்க. நீங்க இன்னும் ரெண்டாவதுலதான் இருக்கீங்க."

கரைந்து ஓடும் வல்லரசுகளைப் பெர்சா பார்த்தாள். பிறகு பெண்ணைப் பார்த்தாள்.

"இப்படிக் கை தவறுற மருமகதான் எனக்கு வேணும். நோன்புக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. என்னடா வாசோ?"

வாசோ காதுவரை சிவந்து தலையாட்டினான்.

மறுநாள் காப்பிக்கடையில் ரிஸ்தோ, ஒரு பெரிய சண்டையைத் தன் பேச்சுச் சாமர்த்தியத்தால் தடுத்த கதையைச் சொன்னார். அந்தக் கோடையிலேயே வாசோவைப் பட்டாளம் கூப்பிட்டது. ரயிலடியில் பலர் தனியாக ஏறினார்கள். அவன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்ய ஒருத்தி இருந்தாள்.

நீங்கள் ரிஸ்தோ இல்லை, தெரியும். இருந்தாலும், அடுத்த முறை யார் வீட்டிலாவது உட்கார்ந்து உலகத்தைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது, கையிலிருப்பது எத்தனையாவது காப்பி என்று எண்ணிப் பாருங்கள்.