கேளாமல் முறித்த நந்தியாவட்டை

புளியந்தீவு,
மட்டக்களப்பு.
14.10.2024

மாங்கேணியில் இருக்கும் என் மதிப்புக்கும் அன்புக்கும் உரிய ஜோசப்பின் அக்காவுக்கு,

தம்பி அல்பேட் எழுதிக்கொள்வது. ஆண்டவரின் தயவில் நானும் ஜூலியும் சுகம். ஜூலியின் முழங்கால் மட்டும் அவள் சொல்லைக் கேட்பதில்லை, மற்றபடி இந்த வீட்டில் எல்லாமே கேட்கும். அங்கே நீங்களும் உங்கள் கோழிகளும் குறையில்லாமல் இருக்கவேண்டும் என்று இராச் ஜெபத்தில் சொல்லாத நாளில்லை. போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் என்னைப் பேச விட்டதில்லை அக்கா. அதுவும் போக, இது பொதுவான, விஞ்ஞான சம்பந்தமான ஒரு விசாரிப்பு. எழுத்தில் இருப்பதே நல்லது. உங்கள் கிணற்றடியில் நிற்கும் அடுக்கு நந்தியாவட்டைக்கு என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள், என்ன பசளை போடுகிறீர்கள், தடியாக நட்டால் எத்தனையாம் மாதம் பூக்கும்? சும்மா அறிய ஆசை. வேறு ஒரு காரணமும் இல்லை.

முப்பத்தொரு வருடம் நான் பாடசாலை ஆய்வுகூடத்தில் உதவியாளனாக இருந்தது உங்களுக்குத் தெரியும். பரிசோதனை செய்வது ஆசிரியர், பார்ப்பது பிள்ளைகள், குப்பிகளைக் கழுவிக் கவிழ்த்து வைப்பது நான். போன வருடம் பென்சனில் வந்த அன்றே, இனி என் பரிசோதனையை நானே செய்வது என்று முடிவெடுத்தேன். குசினியில் தொடங்கினேன். ஒரு மீன்குழம்புக்கு உப்பு எத்தனை கிராம் என்று ஜூலி இத்தனை வருடத்தில் ஒருநாளும் நிறுத்துப் பார்த்ததில்லையாம். நான் நிறுத்தேன். தேங்காய்ப்பால் எத்தனை பாகையில் திரைகிறது என்று அறிய வெப்பமானியைச் சட்டிக்குள் விட்டேன், வெப்பமானி வெடித்தது, குழம்பைக் குழி தோண்டிப் புதைத்தோம். அன்றைக்கு அவள் அகப்பையை வாசல் பக்கமாக நீட்டி, "குசினிக்க இனி வரப்படா. வளவுக்க போய் என்னத்தையாவது நட்டுப் பாருங்க" என்றாள். நானும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு வளவுக்குள் இறங்கினேன்.

வளவைப் பற்றி என்ன சொல்ல. வேலிக்கு அப்பால் வாவி. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கிணற்றில் உப்பு, மாரியில் முழங்காலளவு வெள்ளம், இரண்டுக்கும் தப்பியதை அடுத்த வீட்டு அன்ரோவின் ஆடு பார்த்துக்கொள்ளும். உப்பையும் வெள்ளத்தையும் ஆட்டையும் தாங்கி, ஒருக்கால் நட்டால் வருடக்கணக்காக நிற்கிற செடி எது என்பதுதான் என் கேள்வி. இந்தக் கேள்வியோடு எத்தனை நாள் நித்திரையில்லாமல் கிடந்தேன் தெரியுமா? ரோசா வைத்தேன், ஆறாம் நாள் விறகாகிவிட்டது. எக்சோரா ஒரு கிழமை யோசித்துவிட்டு இலையை உதிர்த்தது. குரோட்டன் என்னை நம்பவேயில்லை, வந்த நிறத்திலேயே காய்ந்தது. காகிதப்பூ எதற்கும் அஞ்சாது என்று ஊரே சொன்னது, உண்மைதான், அஞ்சாமல் நின்று ஜூலியின் கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கொடியிலேயே கிழித்தது, அத்தோடு அதன் கதையும் முடிந்தது. அலரி நிற்கும். ஆனால் அதைத் தின்றால் அன்ரோவின் ஆடு நிற்காது, பிறகு அன்ரோவின் முகத்தில் எப்படி முழிப்பது? இப்படியே பதினேழு செடி போனது. பதினேழையும் திகதி போட்டு சி.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

பதினேழாவது பட்ட அன்று ஜூலி தவணை சொன்னாள். ஒக்டோபர் இருபதாம் திகதிக்குள் இந்த வளவில் நான் நட்ட ஒன்றாவது பச்சையாக நிற்கவேண்டும், இல்லையென்றால் மழை இறங்க முதல் மேசன் மஜீட் பாஸைக் கூப்பிட்டு வேலியிலிருந்து வேலிவரை கொங்கிறீட் போட்டுவிடுவாள், நத்தாருக்கு வருகிறவர்கள் கால் சேறாகாமல் வந்துபோவார்கள். எங்கள் பக்கத்து வழக்கத்தை உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டுமா? வீடும் வளவும் அவள் தாய் எழுதிக் கொடுத்த சீதனம். நான் ஒரு சூட்கேசோடு வந்து ஏறியவன். இங்கே எனக்கென்று ஒரு பிடி மண்ணும் இல்லை. அதையும் மூடிவிட்டால் நான் எங்கே போய் எதைச் செய்து பார்ப்பேன்? சிரிக்காதீர்கள் அக்கா, எனக்கு உண்மையாகவே பயமாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் மீன் கொண்டுவரும் கண்ணகை வாயைத் திறந்தாள். திரளி மீனைச் செதில் தட்டியபடியே என் பட்ட செடிகளை ஒரு பார்வை பார்த்து, "காசு குடுத்து எடுத்தது தங்காது ஐயா, கேட்டு வாங்கினதும் தங்காது. கேளாம முறிச்சது மட்டும்தான் தழைக்கும்" என்றாள். ஊரெல்லாம் சொல்கிற கதைதான், நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆனால் யாராவது செய்து பார்த்து நிரூபித்தார்களா? எனக்கு உடம்பெல்லாம் ஒரு உஷார் வந்தது. ஒரே இனச் செடி மூன்று. ஒன்று காசுக்கு வாங்கியது, ஒன்று கேட்டு வாங்கியது, ஒன்று களவு. ஒரே மண், ஒரே வெயில், பிரியாவிடையில் தந்த அளவுச் சாடியால் காலையும் மாலையும் ஒரே அளவு கிணற்றுத் தண்ணீர். அ, ஆ, இ என்று யோகட் கோப்பையில் பெயர் எழுதித் தடிகளை அதில் குத்துவது. இனத்தைத் தெரிவதில் எனக்குக் கஷ்டமே இருக்கவில்லை. கடல் ஏறி வந்த வருடம் உங்கள் மதில் போனது, கிணற்றுக் கட்டு போனது, அந்த நந்தியாவட்டை மட்டும் உப்பைக் குடித்துக்கொண்டு நின்று அடுத்த பங்குனியில் பூத்ததே, அதைவிட உரமான செடியை நான் எங்கே தேட? இரண்டு தரம் உங்களிடம் கேட்டும் இருக்கிறேன். இரண்டு தரமும் "மறுகா பாப்பம்" என்று தள்ளிவிட்டீர்கள். ஜூலி வரும் நாட்களில் அவளைக் கிணற்றடிப் பக்கமே விடமாட்டீர்கள். கண்ணூறுக்குப் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, இனி மறைத்து என்ன. ஓகஸ்ட் மாதம் அத்தானின் நினைவு ஜெபத்துக்கு நான் தனியாக வந்தேன், ஜூலி முழங்கால் நோவென்று நின்றுவிட்டாள். போதகர் நீளமாக ஜெபிக்கிறவர் என்பது உங்களுக்கும் தெரியும். எல்லோரும் கண்ணை மூடினார்கள். அவர் ஊருக்காக ஜெபித்தபோது நான் இருமிக்கொண்டே எழுந்தேன், நாட்டுக்காக ஜெபித்தபோது கிணற்றடியில் நின்றேன், உலக சமாதானத்துக்கு வரும்போது ஒரு சாண் தடியை முறித்து ஈரக் கைலேஞ்சியில் சுற்றி ஞானப்பாட்டுப் புத்தகப் பைக்குள் வைத்துவிட்டேன். ஆமென் சொல்ல எல்லோரோடும் இருந்தேன். அத்தான் உயிரோடு இருந்திருந்தால் சிரித்திருப்பார், ஆனாலும் அவருடைய ஜெபத்தில் இப்படிச் செய்தது என் மனதை அறுக்கிறது. வெள்ளைச் சேட்டில் பால் வடிந்து கறை. தோய்த்தபோது ஜூலி ஒன்றும் கேட்கவில்லை. கேளாததே எனக்கு இன்னும் பயம்.

முடிவைக் கேளுங்கள். காசுக்கு வாங்கியது பதினோராம் நாள் பட்டது. அன்ரோவிடம் கேட்டு வாங்கியது பத்தொன்பதாம் நாள். களவுத்தடி இன்றைக்குப் பதின்மூன்று இலையோடு நிற்கிறது, நுனியில் ஒரு மொட்டுப்போல ஏதோ தெரிகிறது. நான் அதற்கு முன்னால் குந்தியிருந்து ஒரு காலைப்பொழுது முழுக்கப் பார்த்தேன் அக்கா. அறுபத்தொரு வயதில் முதல்முறையாக எனக்கென்று ஒரு பரிசோதனை சரிவந்திருக்கிறது. ஆனால் சந்தோசப்பட முடியவில்லை. இருபதாம் திகதி செடியைக் காட்டினால்தான் வளவு தப்பும். காட்டினால், எங்கிருந்து வந்தது என்று ஜூலி கேட்பாள். இருபது வருடம் ஞாயிறு பாடசாலையில் பத்துக் கட்டளை படிப்பித்தவளிடம், ஜெப நேரத்தில், சொந்த அக்காவின் வளவில், என்று எப்படிச் சொல்வேன்?

ஆகவே உங்களிடம் ஒரு உதவி. ஜூலி கேட்டால், நீங்களே மனமுவந்து தந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஆனால் தயவுசெய்து உண்மையாகவே தந்துவிடாதீர்கள். தந்ததாகிவிட்டால் அது கேட்டு வாங்கின கணக்கில் சேர்ந்து, இருபதாம் திகதிக்கு முதல் பட்டுப்போனால் என்ன செய்வேன்? வாயால் தாருங்கள், மனதால் தராதீர்கள். கொஞ்சம் கோபமும் வைத்துக்கொண்டால் வேருக்கு நல்லது என்று நினைக்கிறேன்.

கர்த்தர் உங்கள் வாசலையும் கிணற்றையும் கோழிக்கூட்டையும் காப்பாராக. உங்கள் மன்னிப்பை இருபதாம் திகதிக்குப் பிறகு, இருபத்தோராம் திகதி தந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி,
அல்பேட்

பின்குறிப்பு: முத்திரை வாங்கக் கடைக்குப் போய் வருவதற்குள் ஜூலி இதை வாசித்துவிட்டாள். ஏசவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஓகஸ்டில் நான் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போதே நீங்கள் அவளுக்குப் போன் எடுத்துவிட்டீர்களாமே. நீங்கள் சொன்னதை உங்கள் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்: "உன்ட மனுசன் என்ட நந்தியாவட்டையில தடி முறிச்சிட்டு வாறார் புள்ள. நானும் ஒரு கண்ணைத் திறந்துதான் ஜெபிச்ச. அவரை உப்புத் தண்ணி ஊத்த விடாத. அது உங்கட கலியாணத்தண்டைக்கு உன்ட அம்மாட கிணத்தடியில நான் கேளாம முறிச்சதுதான்." மாமியின் தாய்ச்செடியைக் குசினி கட்டும்போது வெட்டிவிட்டார்கள் என்பதும் இப்போதுதான் எனக்குத் தெரியும். நீங்கள் போன் எடுத்த அன்று தொடக்கம், நான் காலையில் பாலத்துப் பக்கம் நடக்கப் போனதும், ஜூலி 'இ' கோப்பைக்கு மட்டும் குழாய்த் தண்ணீரில் அரிசி கழுவி, நான் ஊற்றிய உப்பு வடிந்துபோக ஊற்றி வந்திருக்கிறாள். மற்ற இரண்டையும் கொன்றது என் கிணற்றுத் தண்ணீர். மஜீட் பாஸிடம் அவள் இதுவரை ஒரு வார்த்தையும் பேசியதில்லை. பிறகு ஏன் கொங்கிறீட் என்று வெருட்டினாய் என்று கேட்டேன். நத்தார் பலகாரம் முடியுமட்டும் நான் குசினிப் பக்கம் வராமல் இருக்கவேண்டுமாம்.

ஆக, என் பரிசோதனை பிழை, களவும் களவில்லை, அந்தச் செடியும் அவளுடைய சீதனம். மேலே எழுதியதில் சுகம் விசாரித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடுங்கள். ஆனாலும் ஒன்று மனதைக் குடைகிறது. நீங்கள் கேளாமல் முறித்தது கடலையே தாங்கி நின்றது. அப்படியென்றால் மாமி அதை எங்கிருந்து கொண்டுவந்தார்? ஜூலியிடம் கேட்டேன். அவள் செடியடியில் நின்று, இப்போது ஒளிக்காமலே, அரிசித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மாவும் எங்கயாவது முறிச்சிருப்பா. இந்தாங்க, இந்த வாளியைக் கழுவி வைங்க" என்றாள்.

கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன் அக்கா.