மோப்ப டீச்சர் கேட்ட ஐந்து எதிர்முறுக்கு

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே மூன்று வருடம் ஓடிவிட்டது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். கைமுறுக்கு சுற்றிப் பிழைக்கிறவள். இன்று பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சேரன்மகாதேவியில் முகர்ந்து பார்க்காமல் எதையும் நம்பாத ஒரே பிறவி எங்கள் மோப்ப டீச்சர்தான். பேர் வைத்தது பிள்ளைகள். வேதியியல் நடத்துவார். பஸ் டிக்கெட்டையும் முகர்ந்துதான் பைக்குள் போடுவார். கோயிலில் திருநீறு வாங்கினால் முதலில் மூக்குக்குத்தான் போகும். குருக்களே ஒருநாள், "டீச்சர், நெத்தி இன்னும் மேல இருக்கு" என்றார்.

வகுப்பில் பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசிப்போன நெய், வாழைப்பழம், கற்பூரம் என்று முகர்ந்துகொண்டிருப்பார்கள். "படிக்காம மோப்பம் பிடிச்சிட்டுத் திரியுதுவ" என்று பெற்றோர் சிலர் மனுக் கொடுத்துவிட்டார்கள். கல்வி அதிகாரி வந்து பார்ப்பார், அவருக்குத் திருப்தி இல்லையென்றால் அந்த வகுப்பு அன்றோடு சரி.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் டீச்சர் என் வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, பத்து முறுக்கு வேணும். அஞ்சு எப்பவும்போல. மத்த அஞ்சுக்கு மாவை எதிர்ப்பக்கமா முறுக்கணும்."

"எதுக்கு டீச்சர்?"

"புதினா வாசமும் சதகுப்பை வாசமும் ஒரே மூலக்கூறுதான் தருது. ஒண்ணு வலக்கை மாதிரி, ஒண்ணு இடக்கை மாதிரி. அம்புட்டுதான் வித்தியாசம். அதுக்கே மூக்கு ரெண்டு பேர் சொல்லுது பாத்தீங்களா? அந்த வலக்கை இடக்கையைப் பிள்ளைகளுக்கு முறுக்குல காட்டணும்."

சாமிக்குப் படைக்கிற கை. எதிர்ப்பக்கம் முறுக்குவது சன்னதியை இடமாகச் சுற்றுகிற மாதிரி அல்லவா? பத்தையும் வழக்கம்போல முறுக்கிச் சுட்டு, ஐந்தை மட்டும் கவிழ்த்து அடுக்கிவிட்டேன். கவிழ்த்தால் வளையம் எதிராகத்தானே தெரிகிறது.

மறுநாள் முறுக்கு அடுக்கிய சம்படத்தோடு வகுப்புக்கு நானே போனேன். அதிகாரி முன்னால் டீச்சர் முறுக்கைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், பத்தும் ஒண்ணுதான். அஞ்சைக் கவுத்தி வச்சிருக்காவ. வளையம் மாறித் தெரியுது, மாவு முறுக்கியிருக்கது மாறல."

"கவுத்தினா மாறாதாம்மா?" என்றார் அதிகாரி.

"வலது கால் செருப்பைக் கவுத்தினா இடது காலுக்கு ஆவுமா சார்?"

அதிகாரி தன் காலைப் பார்த்தார். வகுப்பு முழுவதும் அவர் காலைப் பார்த்தது. மனுவை மடித்து வைத்துவிட்டு, "இந்த வகுப்பு நடக்கட்டும் டீச்சர்" என்றார்.

நான் கூனிக்குறுகி நின்றேன். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் நடத்தினது இதுகளுக்கு ஏறியிருக்கான்னு எனக்கே தெரியாம இருந்துச்சு அக்கா. நீங்கதான் பரீட்சை வச்சிருக்கீங்க."

அன்று சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, மாவை எதிர்ப்பக்கமாக முறுக்கி ஒன்று சுற்றினேன். கோணல்மாணலாக வந்தது. சாமி முன்னால் வைத்தேன். சாமி கோபிக்கவில்லை.

இதை யாரிடமாவது சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். நான் கவிழ்த்து வைத்ததை எனக்காக மறைத்துவிடாதீர்கள். அதை விட்டால் டீச்சர் பெருமையில் பாதி போய்விடும்.