பனைமரத்தை நகர்த்தியவர்

ஆயில் பெயிண்ட் கற்றுக்கொண்டவர் என்றொரு ரகம் நம் பக்கம் புதிதாகக் கிளம்பியிருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி, பஸ் ஸ்டாண்டையே அளந்துகொண்டிருப்பார். சட்டையில் நீலம், காதோரம் மஞ்சள். குழம்பை ஊற்றினால் சிவப்பு தூக்கல் என்பார். நிழல் கறுப்பு என்று யாராவது வாய்தவறிச் சொன்னால் போச்சு, அரைமணி நேரப் பாடம். நிழல் ஊதாவாம். யார் சொன்னது? திண்டிவனத்து அமலா டீச்சர்.

விழுப்புரத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் ஜெகதீசன் இந்த ரகத்தில் முதல் தரம். எட்டு ஞாயிறு அந்த டீச்சரின் வகுப்புக்குப் போனதில் 'போஸ்ட் இம்ப்ரெஷனிஸ்ட்' என்று நாக்கு இடறாமல் சொல்லப் பழகிவிட்டார். இருப்பதை அப்படியே காட்டப் போட்டோ போதும். மனசுக்குப் பட்ட நிறத்தைப் பட்டையாக அப்பு, ஒத்துவராததை நகர்த்து, அவ்வளவுதான் அந்தப் பாணி என்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினார். கக்கூஸுக்கு டைல்ஸ் கேட்டு வந்தவரையும் விடவில்லை.

அன்று மாலை ஐந்துக்குத் திண்டிவனத்தில் மாணவர் கண்காட்சி. ஆளுக்கொரு கிராமக் காட்சி. கடைத்தெரு முழுவதையும் அழைத்துவிட்டார் மனுஷன். படம் மாட்டாவிட்டால் அங்கே தலைகாட்ட முடியுமா? காலையிலேயே ஒலக்கூர் பக்கம் ஒரு மல்லாட்டைக் கொல்லை, அதான் வேர்க்கடலைக் கொல்லை, ஓரம் ஸ்டாண்டை விரித்தார். வானம் பச்சையாகச் சுழித்தது. எருமை ஊதாவானது. நட்டநடுவில் நின்ற ஒற்றைப் பனை மட்டும் படத்தை இரண்டாகக் கிழித்தது. அதை இடது ஓரத்துக்கு நகர்த்தினார். என்ன சுகம்! ஆள் வேண்டாம், மெஷின் வேண்டாம்.

கொல்லைக்காரர் பூமாலை வந்து எட்டிப் பார்த்தார். எருமையைக் கண்டு அசரவில்லை. பனையைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. பாகம் பிரித்த நாளிலிருந்து அந்தப் பனைதான் எல்லை: இடப்பக்கம் பூமாலை, வலப்பக்கம் தம்பி வல்லரசு.

"சார், எருமைக்கி என்னா கலரு வேணும்னாலும் அடிச்சிக்கோங்க. மரத்த இருந்த எடத்துலியே நட்டுடுங்க."

"இது கலைங்க. சர்வே இல்ல."

"அரைக் காணி அவன் பக்கம் போயிட்ச்சி, கலைன்றீங்க."

அதற்குள் மோட்டாரை நிறுத்திவிட்டு வல்லரசும் வந்து சேர்ந்தார். படத்தை நிதானமாகப் பார்த்தார். "சாரு படிச்சவரு. சரியாத்தான் போட்டுக்கினு இருக்காரு" என்று சொல்லி, செல்போனில் ஒரு படம் பிடித்துக்கொண்டார். பூமாலை ஸ்டாண்டின் காலை இறுக்கிப் பிடித்தார். மரம் திரும்பாமல் படம் ஊரைத் தாண்டாது என்றார். சொன்னபடியே மூன்று மணிவரை பிடித்தும் நின்றார்.

வேறு வழி? ஜெகதீசன் கத்தியால் பனையைச் சுரண்டி நடுவில் நட்டார். சுரண்டிய இடம், வடை துடைத்த காகிதம் மாதிரி குழம்பிக் கிடந்தது. ஈரம் காயாத படத்தை அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அமலா டீச்சர் நடுப்பனையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கடைத்தெரு மொத்தமும் வாசலில் நிற்கிறது. டீச்சரின் விரல் மெல்ல நகர்ந்து இடது ஓரத்தில், சுரண்டிய இடத்தில் நின்றது.

"இந்த எடம் என்னமோ பண்ணுதே. என்னாங்க இது?"

"ஏக்கம், டீச்சர்."

ஜெகதீசனுக்கு இமைகூட அசையவில்லை. படம் முதல் சுவரிலேயே ஏறியது.

சிரிக்கிறீர்களா? போன பொங்கலுக்கு ஊர் வயலைப் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பினீர்களே, அதிலிருந்த செல்போன் டவர் எங்கே போனது? வரப்பில் லுங்கியோடு நின்ற சித்தப்பாவை எந்த ஓரத்தில் வெட்டினீர்கள்? வேண்டாம், பதில் சொல்ல வேண்டாம். அதற்கும் ஓர் அழகான சொல் கைவசம் வைத்திருப்பீர்கள்.